அழகர் மண்டகப்படியை விட்டுறலாமா? புதூர், மூன்றுமாவடி பக்கம் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

புதூர்_பேரன்
எல்லாருக்கும் வணக்கம். ரெம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன், இப்பத்தான் முதல்முறையா எழுதுறேன். எங்க தாத்தா புதூர்ல பலசரக்குக் கடை வச்சிருந்தாரு, சித்திரைத் திருவிழால அழகர்மலைல இருந்து மதுரை வைகை ஆத்துக்கு வர்ற கள்ளழகருக்கு கடை வாசல்லயே ஒரு திருக்கண் (சாமி நின்னு போற பந்தல்) போட்டு மண்டகப்படி நடத்திட்டு வந்தாரு. அவருக்கப்புறம் அப்பாவும் சித்தப்பாவும். இப்ப கடையும் இல்ல, அந்த இடத்துல செல்போன் கடை. கடைக்காரர் நல்ல மனுசன், வருசத்துக்கு ஒரு நாள் வாசலை விட்டுக் குடுக்குறாரு. நான் பெங்களூர்ல இருக்கேன், போன ஐப்பசில அப்பா தவறிட்டாங்க. சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, அவரு சொல்றாரு, "யாராச்சும் எடுத்து நடத்தட்டும்ப்பா, நம்மளால ஆகாது"ன்னு. அதே ரோட்டுல உள்ள ஒருத்தர், கொஞ்சம் கட்சி ஆளு, "நான் எடுத்துக்கிறேன், பிளக்ஸ்ல தாத்தா படத்தையும் ஓரமா போட்டுக்கலாம்"னு கேட்டுருக்காரு.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, அப்பா போய் வருசம் திரும்பாம நாங்க மண்டகப்படி செய்யலாமா? ரெண்டு, விட்டுக் குடுத்தா திரும்ப நம்ம கைக்கு வருமா? செலவைப் பத்தியும் சொல்லுங்க, கணக்கு பூராம் அப்பா மனசுலயே வச்சிருந்தாரு, நோட்டு எதுவும் இல்ல.

கடச்சனேந்தல்
தம்பி அப்பாவுக்கு அஞ்சலி. புதூர்ல பலசரக்குக் கடை வாசல்னா எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன், பெரிய பித்தளை அண்டால பானக்கம் ஊத்துவாங்களே அதுதானே. சின்ன வயசுல அங்க நின்னு மூணு தடவை வாங்கிக் குடிச்சவன் நான், நாலாவது தடவை போனப்ப ஒருத்தரு கரண்டியத் தூக்கிட்டு வெரட்டுனாரு, அது உங்க தாத்தாவாத்தான் இருக்கணும் 😄

தீட்டு விசயம் எங்க பக்கம் எப்படின்னா, கருமாதி முடிஞ்சா பங்காளிக தொடலாம், பெத்த பிள்ளைக்குத்தான் தலைத்தெவசம் வரைக்கும் ஆகாது. அதனால சித்தப்பா முன்ன நிக்கலாம், நீங்க பின்னாடி நின்னு பாத்திரம் கழுவலாம், வெறகு அடுக்கலாம். ஆனா சாமி மரியாதையா பட்டர் தலைல கட்டிவிடுற பரிவட்டத்தை நீங்க கட்டிக்கக் கூடாது. இது எங்க ஊரு வழக்கம், உங்க வீட்டுல பெரியவங்ககிட்ட ஒருதடவை கேட்டுக்கங்க.

சாம்பல்பூனை
கோவிச்சுக்காதீங்க, வெளிப்படையாக் கேக்குறேன். மலைல இருந்து வண்டியூர் வரைக்கும் 400க்கு மேல மண்டகப்படி இருக்கு. அழகர் ஒரு எடத்துல நிக்கிறது ரெண்டு நிமிசம், சில எடத்துல அது கூட இல்ல, பல்லக்கு ஒரு ஆட்டு ஆட்டிட்டு போயிரும். அதுக்கு ஒரு குடும்பம் பெங்களூர்ல இருந்து வந்து கடன் வாங்கி பந்தல் போடணுமா? ஒண்ணு கொறஞ்சா அழகர் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் ஆத்துக்குப் போவாரு, அவ்வளவுதான்.

மூன்றுமாவடி_எதிர்சேவை
பூனை, நீங்க ரெண்டு நிமிசத்தை மட்டும் பாக்குறீங்க. அந்த ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடி ஆறு மணி நேரம் இருக்குல்ல, அங்கதான் திருவிழாவே. ஒன்பது மணிக்கு வருவாருன்னு சொல்லுவாங்க, பன்னெண்டாகும், ஒண்ணாகும். அதுவரைக்கும் ரோட்டுல சனம் நிக்கும், சித்திரை வெயில் தாரை உருக்கிக்கிட்டு இருக்கும், மேலூர்ப் பக்கம் நத்தம் பக்கம் இருந்து வந்த ஆத்தாளுக கைல பச்சப்புள்ளையோட பந்தல் நிழலுக்கு ஒதுங்குவாங்க, அப்ப யாரு தண்ணி குடுப்பா? சர்க்கரைச் சொம்புல தீபத்தை ஏத்தி வச்சுக்கிட்டு காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடாம நிக்கிற கெழவிக்கு ஒரு டம்ளர் நீர்மோரு குடுத்துப் பாத்துருக்கீங்களா? அழகர் நிக்கிறது ரெண்டு நிமிசம்தான், பந்தல் நிக்கிறது நாள் பூராம்.

சாம்பல்பூனை
சரி சரி, அது ஞாயம். தண்ணிப் பந்தல் வைங்க, வேணாம்னு சொல்லல. அதுக்கு பரிவட்டம் எதுக்கு, அதுக்கு சண்டை எதுக்குன்னுதான் கேக்குறேன்.

புதூர்_பேரன்
பூனை சார் எப்படிக் கண்டுபிடிச்சீங்க சண்டை இருக்குன்னு? 😅 நான் எழுதலையே. ஆமா, இருந்துச்சு. தாத்தா போனதுக்கப்புறம் பரிவட்டம் யாருக்குன்னு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாம போச்சு, ஏழெட்டு வருசம். பந்தல்ல ஒருத்தர் இந்தப் பக்கம் பானக்கம் ஊத்துவாரு, ஒருத்தர் அந்தப் பக்கம் விசிறி குடுப்பாரு, நடுவுல நான் அங்குட்டும் இங்குட்டும் ஓடிக்கிட்டு இருப்பேன். அப்புறம் ஒத்தைப்படை வருசம் அப்பா, ரெட்டைப்படை வருசம் சித்தப்பான்னு அப்பத்தா பைசல் பண்ணி விட்டாங்க. கொரோனால 2020, 2021 ரெண்டு வருசமும் அழகர் மதுரைக்கு வரவே இல்லையா, உடனே கணக்கு குழம்பிப் போயி "அந்த ஒத்தைப்படை எனக்கு வீணாப் போச்சு"ன்னு அப்பா புலம்புனதெல்லாம் உண்டு.

வடக்குமாசி
ஹாஹா வீட்டுக்கு வீடு வாசப்படி. எங்க பெரியப்பா வீட்டுல அதுக்கு சீட்டு குலுக்கிப் போடுவாங்க.

தம்பி, செலவு பத்திக் கேட்டீங்க. நான் தொகை எழுத மாட்டேன், வருசத்துக்கு வருசம் மாறுது, ஆனா எதுக்கெல்லாம் ஆகும்னு சொல்றேன். முதல்ல கோயில்ல பதிஞ்சு கட்டுற பணம், அதை விட்டுறாதீங்க, ரசீது பழைய பேர்லயே வாங்குங்க. பந்தல், வாழைமரம், தோரணம். மாலை, இதுலதான் கைய சுட்டுக்குவீங்க, முகூர்த்த மாசம் வேற, திருவிழா அன்னைக்கு மல்லி விலை கேட்டா தலை சுத்தும், அதனால மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வச்சுருங்க, முடிஞ்சா துளசி மாலையா போடுங்க, பெருமாளுக்கு அதுதான் விசேசமே. அப்புறம் தேங்காய் பழம், சர்க்கரைப் பொங்கல், பட்டர், சீர்பாதம் தூக்குறவங்களுக்கு மரியாதை. மேளம் வேணாம், அழகரோடயே வரும்.

அந்தக் கட்சி ஆளு விசயம்: குடுக்காதீங்க. முதல் வருசம் தாத்தா படம் ஓரமா வரும், ரெண்டாவது வருசம் தாத்தா படம் ஸ்டாம்ப் சைசுக்கு வரும், மூணாவது வருசம் அழகர் படமே ஸ்டாம்ப் சைசுக்கு வந்துரும்.

கடச்சனேந்தல்
அழகர் படமே ஸ்டாம்ப் சைசு 🤣🤣 நேர்ல பாத்துருக்கேன்

மீனாச்சிப்பொண்ணு
நான் மேலமாசி வீதிக்காரி, கல்யாணம் ஆகி இப்ப திருச்சி. எங்களுக்கு அழகரை விட மீனாட்சி அம்மன் கல்யாணந்தான் பெருசு. திருக்கல்யாணத்தன்னைக்கு அம்மனுக்கு தாலி ஏறுற நேரத்துல எங்க தெருவுல அத்தனை பொம்பளைகளும் வீட்டு வாசல்ல நின்னு புதுக்கயிறு மாத்திக்குவாங்க, அம்மா எனக்கு இன்னைக்கும் மஞ்சக்கயிறு கூரியர்ல அனுப்புறாங்க. சேதுபதி ஸ்கூல்ல கல்யாணச் சாப்பாடு போடுவாங்கல்ல, அதுக்கு மொத நாள் சாயங்காலமே பொம்பளைக வீட்டுல இருந்து அருவாமணையும் கத்தியும் எடுத்துட்டுப் போயி காய் வெட்டிக் குடுப்போம். யாரும் யாரையும் கூப்புட மாட்டாங்க, பத்திரிக்கை கிடையாது, நாமளே போயி உக்காந்துற வேண்டியதுதான். பக்கத்துல உக்காந்து பூசணிக்கா வெட்டுறவங்க யாரு எந்த ஊருன்னு எழுந்திரிக்கும்போதுதான் கேப்போம். சாப்ட்டு மொய் எழுதிட்டு வர்றது தனி சந்தோசம், சாமிக்கே மொய் செய்யுற ஊருங்க இது.

எதுக்குச் சொல்றேன்னா தம்பி, நீங்க மண்டகப்படிய உங்க குடும்பம் மட்டும் செய்யணும்னு நினைக்கிறதாலதான் பாரமாத் தெரியுது. தெருவுல நாலு பொம்பளைககிட்ட சொல்லுங்க, நீங்க வர்றதுக்குள்ள எலுமிச்சம்பழம் பூராம் பிழிஞ்சு வச்சிருப்பாங்க.

நரிமேடு_நவீன்
சம்மந்தம் இல்லாம ஒரு டவுட்டு. அழகர் தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்து கோவத்துல ஆத்தோட திரும்பிப் போயிடுறாருன்னு சொல்றாங்களே, அப்ப கன்னிகாதானம் பண்ணிக் குடுக்குறது யாரு?

தேனூர்க்காரன்
நல்ல கேள்வி. திருப்பரங்குன்றத்துல இருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தாரை வார்த்துக் குடுப்பாரு, முருகனும் தெய்வானையும் கூடவே வருவாங்க. ஆக அண்ணன் வேலைய ஒருத்தர் செஞ்சு முடிச்சுட்டாரு. லேட்டா வந்த கதையெல்லாம் சனங்க ஆசையா கட்டுனது. கோயில் கணக்குப்படி அழகர் வர்றது மண்டூக முனிவருக்கு சாப விமோசனம் குடுக்க. கதை நல்லா இருக்குறதால யாரும் விட மாட்டேங்குறோம், நானும் என் பிள்ளைகளுக்கு கோவக்கார மாமா கதையத்தான் சொல்லிருக்கேன்.

இன்னொண்ணு, அழகர் முன்னாடி ஆத்துல இறங்குனது எங்க ஊர்ல, சோழவந்தான் பக்கத்துல இருக்க தேனூர்ல. மீனாட்சி கல்யாணம் அப்ப மாசி மாசத்துல நடந்துக்கிட்டு இருந்துச்சு, திருமலை நாயக்கர் (1623-1659 ஆண்டவரு) ரெண்டையும் சித்திரைல ஒண்ணாச் சேத்து மதுரைக்கு மாத்திட்டாரு. அறுவடை முடிஞ்சு கைல நெல்லும் காசும் இருக்குற நேரம், சுத்துப்பட்டு சனமும் வரும், சைவம் வைணவம்னு பிரிஞ்சு கெடக்குற கூட்டமும் ஒண்ணா சேரும், மனுசன் விவரமானவரு. ஆத்துல இறங்குறது எங்களுக்குப் போச்சு. ஆனா வண்டியூர் பக்கம் வைகைல தேனூர் மண்டபம்னு இன்னைக்கும் இருக்குல்ல, மறுநாள் அழகர் அங்க கருட வாகனத்துல இருந்துதான் மண்டூக முனிவருக்கு மோட்சம் குடுக்குறாரு, எங்க ஊர்க்காரங்களுக்கு அங்க மரியாதை உண்டு. எங்க ஊர் பேரோட ஒரு மண்டபம் வேற ஊர் ஆத்துக்குள்ள நிக்கிது. அதனால புதூர் தம்பிக்குச் சொல்றேன், எடம் மாறுனா, ஆளு மாறுனா உரிமை போச்சுன்னு இல்ல. பேரை மட்டும் விட்டுறாதீங்க.

நரிமேடு_நவீன்
அப்ப வண்டியூர்ல துலுக்க நாச்சியார்னு ஒரு முஸ்லிம் பொண்ணு வீட்டுக்குப் போறாருன்னு சொல்றது?

தேனூர்க்காரன்
பட்டர்ககிட்ட கேட்டா வீரராகவப் பெருமாள் கோயில்ல தங்குறாருன்னு சொல்லுவாங்க. சனங்ககிட்ட கேட்டா நாச்சியார் வீடுன்னு சொல்லுவாங்க. ராத்திரி அந்தப் பக்கம் போயி நின்னு பாருங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல யாரும் சண்டை போட்டு நான் பாத்ததில்ல.

சாம்பல்பூனை
இதுதான் எனக்குப் பிடிச்ச பதில். 👍

ஒரு குறை மட்டும் சொல்லிக்கிறேன். திருவிழா முடிஞ்ச மறுநாள் காலைல அவுட்போஸ்ட்ல இருந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்து பாருங்க, பேப்பர் கப்பு, பிளாஸ்டிக் டம்ளரு, பாதி தின்ன பொங்கல் தொன்னை. துப்புரவுப் பணியாளருங்க பாவம், அழகர் பூப்பல்லக்குல ஜம்முனு திரும்புறாரு, அவங்க பின்னாடியே கூட்டிக்கிட்டு வர்றாங்க. மண்டகப்படி நடத்துறவங்க அவங்கவங்க குப்பைய அள்ளிட்டுப் போனா நானும் வந்து "கோவிந்தா" போடுறேன்.

மூன்றுமாவடி_எதிர்சேவை
இத ஒத்துக்கிறேன், எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்க தம்பி. கழுவுறதுக்கு ரெண்டு ஆளு போடுங்க. தண்ணி பீய்ச்சுறவங்க விசயமும் சொல்லணும், தோல் பைல சின்னக் குழாய் வச்சு நேந்துகிட்டுப் பீச்சுறது தான் வழக்கம், சில இளவட்டங்க பிரசர் பம்பு கட்டிக்கிட்டு வந்து மூஞ்சிலயே அடிக்கிறானுக. சாமி மேலயும் படுது, நகை மேலயும் படுது. அழகர் சிலைக்கு நூபுர கங்கை தண்ணில மட்டுந்தான் அபிசேகம், வேற தண்ணி பட்டா மேனி கறுக்கும்னு சொல்லுவாங்க, நம்ம பயலுக போர்வெல் தண்ணிய ரொப்பிட்டு வந்து நிக்கிறானுக.

வடக்குமாசி
கூட்டமும் பாத்துக்கங்கப்பா. 2022ல ரெண்டு வருசம் கழிச்சு அழகர் வர்றாருன்னு சனம் திரண்டு, ஆத்துக்குள்ள நெரிசல்ல ரெண்டு உசுரு போச்சு. நான் அன்னைக்கு ஆழ்வார்புரம் பக்கம் நின்னேன், ஒரு நேரத்துக்கு மேல என் காலு தரைல இல்ல, கூட்டமே தூக்கிட்டுப் போச்சு. அதுல இருந்து நான் ஆத்துக்குப் போறதில்ல, மூன்றுமாவடில அழகரை எதிர்கொண்டு கும்புடுற எதிர்சேவையோட சரி. பிள்ளைகள தோள்ல வச்சுக்கிட்டு ஆத்துக்குப் போகாதீங்க, எதிர்சேவைலயே நல்லாப் பாக்கலாம், அழகர் கண்டாங்கி கட்டி கைல கம்போட கள்ளர் வேசத்துல வர்றது அங்கதான்.

புதூர்_பேரன்
எல்லாருக்கும் ரெம்ப நன்றி. மீனாச்சி அக்கா சொன்னதத்தான் வீட்டுல சொன்னேன். சித்தப்பா முதல்ல முடியாதுன்னாரு, அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி "வெல்லம் எத்தனை கிலோடா உங்கப்பன் வாங்குவான்"னு கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்! பானக்கம் அளவு யாருக்காவது தெரியுமா?

மீனாச்சிப்பொண்ணு
பதினஞ்சு லிட்டர் குடத்துக்கு ரெண்டு கிலோ மண்டவெல்லம் போடுங்க, இனிப்பு தூக்கலா இருக்கணும், வெயில்ல நிக்கிறவங்களுக்கு அதுதான் தெம்பு. வெல்லத்தைக் கரைச்சதும் கட்டாயம் துணில வடிகட்டுங்க, மண்ணும் தூசியும் அப்படியே அடில நிக்கும். சுக்கும் ஏலக்காயும் பொடிச்சு, எலுமிச்சை பத்துப் பன்னெண்டு, பச்சைக்கற்பூரம் மிளகு அளவுதான், கூடிருச்சுன்னா மருந்து மாதிரி ஆயிரும், யாரும் குடிக்க மாட்டாங்க. எலுமிச்சைய ரெம்ப முன்னாடி பிழிஞ்சு ஊத்தாதீங்க கசந்துரும், ஊத்துறதுக்கு கொஞ்சம் முந்தி ஊத்துங்க. ஐஸ் போடாதீங்க, மண்பானைல வைங்க.

கடச்சனேந்தல்
நான் அன்னைக்கு வர்றேன், பாத்திரம் தூக்க ரெண்டு பசங்களக் கூட்டியாறேன். கரண்டியால அடிக்கக் கூடாது.

புதூர்_பேரன்
(திருவிழா முடிஞ்சு பெங்களூர் வந்து எழுதுறேன், பஸ்ல தூங்கவே இல்ல, தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க)

நல்லபடியா நடந்துச்சு. முந்துன நாளே தெருவுல ஆறேழு வீட்டுல இருந்து வந்துட்டாங்க, எங்க அப்பா பேரைச் சொல்லி ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொன்னாங்க, பாதிக் கதை எனக்குத் தெரியாது. செல்போன் கடைக்காரர் அவரு செலவுல ரெண்டு பேன் வச்சுக் குடுத்தாரு. கட்சிக்காரரும் வந்தாரு, மோர் பந்தல் அவரோடதுன்னு தனியா பக்கத்துல போட்டுக்கிட்டாரு, பிளக்ஸ் பெருசுதான், ஆனா மோர் நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அழகர் பத்து மணின்னாங்க, பன்னெண்டே முக்காலுக்கு வந்தாரு. முதல்ல தூரத்துல அதிர்வேட்டு, அப்புறம் திரியாட்டம் ஆடுறவங்க, அப்புறம் தள்ளு உண்டியல் வண்டிக ஒண்ணொண்ணா, தீரவே தீராதோன்னு ஆயிருச்சு. பல்லக்கு திரும்புனப்ப பந்தல்ல நிக்கிற எல்லாரும் ஒரே நேரத்துல கரண்டி டம்ளர் எல்லாத்தையும் கீழ வச்சுட்டாங்க. நான் கடச்சனேந்தல் அண்ணன் சொன்ன மாதிரி பின்னாடி, அடுப்புக்குப் பக்கத்துல நின்னேன், எனக்கு குடையும் கொஞ்சம் மாலையும்தான் தெரிஞ்சுச்சு, முகம் தெரியல. சித்தப்பா முழங்கால்ல துணியக் கட்டிக்கிட்டு முன்னாடி நின்னாரு. பட்டர் பரிவட்டத்த எடுத்ததும் சித்தப்பா திரும்பிப் பாத்தாரு, என்னத்தான் தேடுறாருன்னு நினைச்சேன், அப்புறந்தான் தெரிஞ்சது, அப்பா எப்பவும் நிக்கிற இடத்தப் பாக்குறாருன்னு, அங்க விசிறிக்கட்டு வச்சிருந்துச்சு. "இந்த வருசம் அவன் முறைடா" அப்படின்னாரு, பட்டருக்கு ஒண்ணும் புரியல, கட்டிவிட்டுட்டுப் போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் தலைல இருந்து அவுக்கவே இல்ல, அப்படியே குப்பை அள்ளுனாரு.

பூனை சாருக்கு ஒரு தகவல், எங்க பந்தல்ல ஒரு பேப்பர் கப்பு கூட கிடையாது. ஆனா 500 டம்ளர் வாடகைக்கு எடுத்தோம், எண்ணிப் பாத்தா 463 தான் இருக்கு. மிச்சம் எங்க போச்சுன்னு அழகருக்குத்தான் வெளிச்சம்.

சாம்பல்பூனை
கோவிந்தா! சொன்ன மாதிரி போட்டுட்டேன்.

வடக்குமாசி
கள்ளழகர் திருவிழால டம்ளர் களவு போகாமயா இருக்கும்

கடச்சனேந்தல்
தம்பி அதுல ரெண்டு டம்ளர் என் வண்டி டிக்கில கெடக்கு, பசங்க குடிச்சுட்டு அப்படியே போட்டுட்டானுக, ஞாயித்துக்கிழமை சித்தப்பாகிட்ட குடுத்துறேன். மிச்சம் 35க்கு நான் பொறுப்பில்ல.